ரேடியோ நெல்லும் எர்த் கம்பியும்: ஆன்டெனாவின் மறுபாதி

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரியவர்களிடம் ஏடிடி 27 என்று சொன்னால் சிலருக்கு உடனே பிடிபடாது. "ரேடியோ நெல்" என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத் தாங்கிய ரகம் அது. இண்டிகா, ஜப்பானிகா என்ற இரண்டு நெல் இனங்களின் கலப்பில் வந்தது. குறுகிய வயது என்பதால் குறுவைக்குப் பொருத்தம். 1960களின் நடுவில் பழைய தஞ்சை மாவட்டம் முழுக்கப் பரவியது. திருச்சி வானொலியின் விவசாய நிகழ்ச்சிகளைக் கேட்டுத்தான் பலர் அதை விதைத்தார்கள். அதனால் வந்த பெயர்தான் ரேடியோ நெல்.

இந்தக் கதையை வேளாண்மை வரலாறு எழுதுகிறவர்கள் எழுதியிருக்கிறார்கள், தகவல்தொடர்பு பற்றி எழுதுகிறவர்களும் எழுதியிருக்கிறார்கள். நெல்லைப் பற்றிப் பேசுவார்கள், நிகழ்ச்சியைப் பற்றிப் பேசுவார்கள். அந்தக் குரல் வயலுக்கு வந்து சேர்ந்த வழியைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அதில்தான் ஆர்வம். ஏனென்றால் அந்தக் குரலைச் சுமந்ததில் பாதி வேலையைச் செய்தது மண். டெல்டாவின் ஈரக் களிமண். நெல் முளைத்ததும் அதே மண்ணில்தான்.

ஆன்டெனா என்றால் நம் கண்ணுக்குத் தெரிவது மேலே நிற்கும் கம்பி மட்டும்தான். மறுபாதி கீழே இருக்கிறது. பழைய நாளில் அது பூமி. பிறகு நான்கு கம்பிகளாகச் சுருங்கியது. இப்போது உங்கள் செல்போனுக்குள் இருக்கும் செம்புத் தகடு. இன்றைய ஆன்டெனா ஆராய்ச்சியில் "கிரவுண்ட் பிளேனை வெட்டி பேண்ட்விட்த்தைக் கூட்டுவது" என்று கட்டுரை கட்டுரையாக வருகிறதே, அது இந்த நீண்ட கதையின் கடைசி அத்தியாயம். கிரவுண்ட் பிளேனை இனி தரைத்தகடு என்றும், பேண்ட்விட்த்தைப் பட்டை அகலம் என்றும் எழுதுகிறேன்.

1939: டெல்டாவின் தலைமாட்டில் ஒரு கோபுரம்

அகில இந்திய வானொலியின் திருச்சி நிலையம் 1939 மே 16 அன்று தொடங்கியது. சென்னை நிலையம் அதற்கு ஓராண்டு முன்னால், 1938 ஜூன் 16-ல். சென்னைக்கு அடுத்தபடி தமிழ்நாட்டில் வானொலி வந்த ஊர் திருச்சி. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். முக்கொம்பும் கல்லணையும் இருக்கும் இடம் அது. காவிரி கைகளை விரிக்கத் தொடங்கும் இடத்தில் நிலையம் உட்கார்ந்திருக்கிறது. அங்கிருந்து கிழக்கே தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் என்று கடல் வரை வண்டல்தான்.

மத்திய அலை ஒலிபரப்பு பகலில் பயணம் செய்வது தரையை ஒட்டித்தான். தரை எவ்வளவு நன்றாக மின்சாரத்தைக் கடத்துகிறதோ, அவ்வளவு தூரம் அலை களைப்பில்லாமல் போகும். காய்ந்த பாறை நிலம் மோசம். ஈரக் களிமண் அதைப்போலப் பத்து மடங்குக்கு மேலும் கடத்தக்கூடும். கடல்நீர் களிமண்ணையும் நூறு மடங்கு கணக்கில் மிஞ்சும். திருச்சியிலிருந்து கிழக்கே கிளம்பும் அலைக்கு நடவு வயலும் வாய்க்காலும் களிமண்ணும் பாதை போட்டுக் கொடுத்தன. தெற்கே புதுக்கோட்டைப் பக்கத்துக் கற்பாறை பூமிக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. ஆக, விவசாய நிகழ்ச்சியை யார் அதிகம் கேட்கவேண்டுமோ அவர்கள் பக்கமாகவே நிலம் சாய்ந்திருந்தது.

இது அலை போகும் பாதை. ஆன்டெனாவின் காலடியில் நடப்பது வேறு விஷயம். அதற்குக் கொஞ்சம் பின்னால் போகணும்.

மார்க்கோனியின் குழி

ஹெர்ட்ஸ் 1880களின் கடைசியில் மின்காந்த அலையைக் காட்டியபோது பூமியோடு எந்தத் தொடர்பும் வைக்கவில்லை. இரண்டு கைகள் போல இரண்டு உலோகக் கம்பிகள், நடுவில் தீப்பொறி, அவ்வளவுதான். 1895-ல் இத்தாலியில் மார்க்கோனி ஒரு கையை உயரத்தில் தூக்கினார், மறு கையை மண்ணில் புதைத்தார். எட்டும் தூரம் சட்டென்று கிலோமீட்டர் கணக்குக்குப் போனது.

காரணம் எளிது. நன்றாகக் கடத்தும் தரை ஒரு கண்ணாடி மாதிரி. மேலே நிற்கும் கம்பிக்குக் கீழே அதே நீளத்தில் ஒரு பிம்பக் கம்பி இருப்பதுபோல அலைகள் நடந்துகொள்ளும். கால் அலைநீளக் கம்பி ஒன்றை நட்டால் அரை அலைநீளக் கம்பியின் வேலை நடக்கும்.

திருச்சி வானொலியின் மத்திய அலை என்றால் என் தலைமுறைக்கு 936 கிலோஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் சுமார் 320 மீட்டர். கால் பங்கு 80 மீட்டர். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைவிட உயரம். பூமி என்ற கண்ணாடி இல்லாவிட்டால் அதைப்போல இரண்டு மடங்கு தேவைப்பட்டிருக்கும்.

ஆனால் மண் முழுமையான கண்ணாடி இல்லை. ரசம் உதிர்ந்த கண்ணாடி. கோபுரத்தில் ஏறிய மின்னோட்டம் மண் வழியாகத்தான் திரும்பி வரணும். வருகிற வழியில் மண்ணைச் சூடாக்கிவிட்டு வரும். டிரான்ஸ்மிட்டரின் சக்தியில் ஒரு பங்கு நேயரிடம் போகாமல் மண்புழுக்குச் சூடு காட்டிவிட்டுப் போய்விடும்.

இதை உட்கார்ந்து அளந்தவர்கள் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனத்தில் மூன்று பேர்: ஜார்ஜ் பிரவுன், ராபர்ட் லூயிஸ், ஜெஸ் எப்ஸ்டீன். 1937-ல் வந்த அவர்களுடைய கட்டுரை இன்றும் வானொலிப் பொறியாளர்களுக்கு மூலநூல் போல. கோபுரத்தின் அடியிலிருந்து சக்கர ஆரங்களைப் போலச் செம்புக் கம்பிகளை மண்ணில் புதைத்தார்கள். 15, 30, 60, 113 என்று எண்ணிக்கையை மாற்றி மாற்றி அளந்தார்கள். கம்பி குறைவாக இருந்தால், எவ்வளவு நீளமாகப் போட்டாலும் மின்னோட்டம் கம்பியை விட்டுவிட்டு மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது. நூற்றுக்கு மேல் போனால் மண் எப்படி இருந்தாலும் கவலையில்லை. அதிலிருந்துதான் 120 கம்பிகள் என்ற வழக்கம் நிலைத்தது. 936 கிலோஹெர்ட்ஸுக்கு இந்த விதிப்படி கால் அலைநீளக் கம்பிகள் போடுவதானால் 120 தடவை 80 மீட்டர், அதாவது 9.6 கிலோமீட்டர் செம்பு மண்ணுக்குள் போகும். கோபுரத்தைப் பார்த்து வியக்கிற யாருக்கும் அது தெரியாது.

மண் கொடுக்கும் அகலம், மண் விழுங்கும் அகலம்

இங்கேதான் பட்டை அகலம் உள்ளே வருகிறது. கவனமாகப் பார்க்கவேண்டிய இடமும் இதுதான்.

ஒரு நிலையம் 936-ல் ஒலிபரப்புகிறது என்றால் 936 என்ற ஒற்றைப் புள்ளியில் மட்டும் இல்லை. பேச்சும் பாட்டும் இரண்டு பக்கமும் ஆளுக்கு 5 கிலோஹெர்ட்ஸ் போல இடம் கேட்கும். மொத்தம் 10, அதாவது சுமார் 1 சதவீதம். கால் அலைநீளக் கோபுரத்துக்கு இது பொருட்டே இல்லை. காசு இல்லை, இடம் இல்லை என்று குட்டைக் கோபுரம் போட்டால் சிக்கல் ஆரம்பிக்கும். குட்டை ஆன்டெனா தன்னைச் சுற்றி நிறைய ஆற்றலைச் சேமித்து வைத்துக்கொண்டு கொஞ்சமாகத்தான் வெளியே விடும். சரியாக ஒரு அதிர்வெண்ணில் மட்டும் நன்றாக ஒலிக்கும், சற்று விலகினால் சுணங்கும். பாட்டில் உச்ச ஸ்தாயி மங்கும், பேச்சில் "ச", "ஸ" எல்லாம் மழுங்கும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு குட்டைக் கோபுரம் வெளியே அலையாக அனுப்புவதை 10 ஓம் தடை என்று வைத்துக்கொள்வோம். மோசமான தரையில் மண்ணின் இழப்பு இன்னொரு 10 ஓம். சக்தியில் பாதி மண்ணுக்கு, பாதி நேயருக்கு. நல்ல கம்பிச் சக்கரம் புதைத்து மண்ணின் இழப்பை 2 ஓமாக்கினால் 83 சதவீதம் நேயருக்குப் போகும். நல்ல செய்திதான். ஆனால் பட்டை அகலம் மொத்தத் தடையைப் பொறுத்தது. மொத்தம் 20-லிருந்து 12-ஆகக் குறைந்துவிட்டது, அகலமும் அதே விகிதத்தில் சுருங்கும்.

இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் யோசிக்க வைத்தது. மோசமான மண்தான் அகலமான பட்டையைக் கொடுக்கிறது! ஆனால் எப்படிக் கொடுக்கிறது? விழுங்கிவிட்டுக் கொடுக்கிறது. எல்லா அதிர்வெண்ணிலும் சமமாகக் கெடுத்துவிட்டு, "பார், எல்லாம் சமமாக இருக்கிறது" என்று காட்டுகிறது. பட்டை அகலம் என்று யாராவது பெருமைப்பட்டால் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இது: அது மண் கொடுத்ததா, மண் விழுங்கியதா? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், செல்போன் வரைக்கும் பயன்படும்.

கேட்கிற பக்கத்து எர்த்

அனுப்புகிற பக்கம் இப்படி என்றால் கேட்கிற பக்கத்திலும் எர்த் இருந்தது. வால்வு ரேடியோக்களின் முதுகில் இரண்டு துளை இருக்கும், ஒன்று ஏரியலுக்கு, ஒன்று எர்த்துக்கு. மூங்கில் நட்டு நீளமாகக் கம்பி கட்டுவது ஏரியல். ஜன்னலுக்கு வெளியே குழி தோண்டி, இரும்புக் குழாயோ செம்புத் தகடோ இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடுவது எர்த். கோடையில் சத்தம் குறைந்தால் அந்தக் குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார்கள். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இதை ரேடியோவுக்குத் தண்ணி காட்டுறது என்று வேடிக்கையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வேடிக்கை இல்லை, முழுக்க இயற்பியல். ஈரமும் உப்பும் மண்ணின் தடையைக் குறைக்கும்.

பஞ்சாயத்து ரேடியோ இருந்த காலம் அது. பூங்காவிலோ பஞ்சாயத்துக் கட்டடத்திலோ ஒரு பெட்டி, வெளியே ஒலிபெருக்கி, மாலையில் ஊரே கேட்கும். 1966-ல் வானொலியில் பண்ணை இல்ல ஒலிபரப்புப் பிரிவுகள் தொடங்கியபோது டெல்டாவில் கேட்பதற்குக் காது ஏற்கெனவே தயாராக இருந்தது.

அதே பத்தாண்டில் டிரான்சிஸ்டர் வந்தது. வரப்பில் வைத்துவிட்டு வேலை பார்க்கலாம். அதற்கு எர்த் வேண்டாம். உள்ளே ஃபெரைட் தண்டில் சுற்றிய கம்பிச்சுருள் அலையின் காந்தப் பாதியைப் பிடித்துக்கொள்ளும். ரேடியோ நெல் பரவியதும் எர்த் குழி மறையத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரே காலம். கேட்பதற்கு இப்படி மண்ணை விட்டுவிடலாம். கையில் இருக்கும் கருவியே திருப்பிப் பேசவேண்டும் என்று வந்தபோது பழைய கேள்வி மறுபடி எழுந்தது: மறுபாதி எங்கே?

பூமியைத் தூக்கிக்கொண்டு போனவர்கள்

விடையின் முதல் பகுதியைக் கொடுத்தவர்கள் அதே மூவர், பிரவுனும் லூயிஸும் எப்ஸ்டீனும். மண்ணில் 120 கம்பி புதைக்கச் சொன்னவர்களே 1938 வாக்கில் மண்ணே வேண்டாம் என்றார்கள். அதிர்வெண் அதிகமாகி அலை சில மீட்டராகச் சுருங்கிவிட்டால், கம்பத்தின் உச்சியில் கால் அலைநீளக் குச்சியை நிறுத்தி, அதன் அடியில் கால் அலைநீளக் கம்பிகள் நான்கை விரித்துவிட்டால் போதும். அதுவே அதன் பூமி. இரண்டு கம்பியே போதும் என்பது பிரவுனின் கணக்கு. இரண்டே கம்பியைப் பார்த்தால் எல்லாத் திசையிலும் அலை போகும் என்று வாங்குகிறவர்கள் நம்பமாட்டார்கள் என்பதால் நான்கு ஆயிற்று என்று ஒரு கதை உண்டு. ஒயர்லெஸ் வைத்திருக்கும் அலுவலகங்களின் மாடியில், கீழே நான்கு கால் விரித்து நிற்கும் ஆன்டெனாவைப் பார்த்திருப்பீர்கள். அது இதுதான்.

தரைத்தகடு என்ற எண்ணம் இங்கே பிறக்கிறது. பூமி என்பது நிலம் இல்லை, மின்னோட்டம் திரும்பி வர ஒரு இடம். அதை நாமே செய்துகொள்ளலாம், கையோடு கொண்டுபோகலாம்.

சரி, எவ்வளவு சிறிதாகச் செய்யலாம்? இதற்கு எல்லை போட்டவர்கள் இருவர். 1947-ல் ஹரால்ட் வீலர், 1948-ல் எல். ஜே. சூ. ஆன்டெனாவை முழுசாக உள்ளடக்கும் ஒரு கற்பனைக் கோளத்தை எடுத்துக்கொண்டு, அந்தக் கோளம் சிறிதாகச் சிறிதாகப் பட்டை அகலம் எந்த வேகத்தில் சுருங்கும் என்று காட்டினார் சூ. ஆரம் பாதியானால் அகலம் ஏறத்தாழ எட்டில் ஒன்று. எந்தக் கெட்டிக்காரத்தனமும் இதைத் தாண்டமுடியாது.

செல்போனுக்குப் போட்டுப் பார்ப்போம். 900 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 33 சென்டிமீட்டர். போனின் மூலையில் 1 சென்டிமீட்டர் ஆரக் கோளத்துக்குள் ஆன்டெனாவை அடைத்தால் சூ கொடுக்கும் எல்லை சுமார் 6 மெகாஹெர்ட்ஸ் அகலம். ஜிஎஸ்எம் 900-க்கு வேண்டியதோ 890 முதல் 960 வரை, 70 மெகாஹெர்ட்ஸ். பன்னிரண்டு மடங்கு பற்றாக்குறை! ஆனாலும் நம் போன்கள் பேசின. எப்படி?

குடம் இல்லாத வீணை ஒலிக்குமா?

தஞ்சாவூர் வீணையைப் பாருங்கள். விரல் மீட்டுவது தந்தியை. அந்தத் தந்தி மட்டும் காற்றை எவ்வளவு அசைத்துவிடும்? அடுத்த அறைக்குக் கேட்காது. பலாமரக் குடமும் பலகையும் சேர்ந்து அதிர்வதால்தான் சபைக்குக் கேட்கிறது. தந்தி கிளப்பிவிடுகிறது, குடம் பேசுகிறது.

செல்போனிலும் அதேதான். மூலையில் இருக்கும் சின்ன ஆன்டெனா தந்தி. போனின் நீளம் முழுக்க ஓடும் சர்க்யூட் பலகையின் செம்புத் தரை குடம். 2002-ல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்ட்டி வைனிகைனனும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகச் சொன்னது. 900 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் வெளியே போகும் அலையில் பெரும்பகுதியை அனுப்புவது ஆன்டெனா என்று நாம் பெயர் வைத்திருக்கும் துண்டு இல்லை, போனின் உடல்தான். ஆன்டெனாத் துண்டு அந்த உடலைத் தூண்டிவிடும் வேலையைச் செய்கிறது. உடலின் ஒத்ததிர்வும் ஆன்டெனாவின் ஒத்ததிர்வும் ஒரே அதிர்வெண்ணில் சேரும்போது பட்டை அகலம் உச்சத்துக்குப் போகிறது.

சூவின் கணக்கும் உடைபடவில்லை. கோளம் பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான். 12 சென்டிமீட்டர் போன் முழுவதையும் ஆன்டெனா என்று எண்ணினால் கோளத்தின் ஆரம் 6 சென்டிமீட்டர். அந்த அளவில் 900 மெகாஹெர்ட்ஸுக்கு எல்லை ஒரு தடையே இல்லை.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல். 900-ல் அரை அலைநீளம் 16 சென்டிமீட்டருக்கு மேல். உடல் நன்றாக ஒத்ததிர 13 சென்டிமீட்டராவது வேண்டும். நம் ஊர்களில் எல்லாக் கையிலும் இருந்த நோக்கியா 1100, 2003-ல் வந்தது, 106 மில்லிமீட்டர்தான் நீளம். அந்த அளவுப் போன்களில் குடம் சற்றுச் சிறிது. நீளத்தைக் கூட்டமுடியாது, சட்டைப்பையில் நிற்கணும். என்ன செய்வது?

டெல்டாக்காரருக்கு இதற்கு விடை சொல்லித்தரவேண்டாம். நேராக ஓடும் தண்ணீரை வரப்புக் கட்டிச் சுற்றிவிட்டால் அதே நிலத்துக்குள் பாதை நீளும். தரைத்தகட்டில் குறுக்கே ஒரு வெட்டு போட்டால் மின்னோட்டம் அதைத் தாண்டமுடியாமல் சுற்றிக்கொண்டு போகும். பலகையின் நீளம் மாறவில்லை, மின்னோட்டத்தின் பாதை நீண்டுவிட்டது. ஒத்ததிர்வு கீழே இறங்கி, வேண்டிய இடத்துக்கு வந்து சேரும். அபெதின், அலி என்ற இருவர் 2003-ல் எழுதிய கட்டுரை இந்த வகைக்கு ஒரு தொடக்கப்புள்ளி. போன்களில் இருந்த தட்டையான ஆன்டெனாவின் தரைத்தகட்டை மாற்றினால் அதன் குணங்கள் எப்படி மாறுகின்றன என்று பார்த்தார்கள்.

வெட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு, அதை டேவிட் போசார் 1985-லேயே காட்டியிருந்தார். தரைத்தகட்டுக்கு ஒரு பக்கம் ஊட்டும் கம்பி, மறுபக்கம் ஆன்டெனாத் தகடு, இரண்டுக்கும் நடுவில் தரையில் ஒரு சிறு பிளவு. மதகு மாதிரி. ஆற்றல் அந்த மதகு வழியாகத்தான் அந்தப் பக்கம் போகிறது. மதகின் அளவை மாற்றி மாற்றிப் பட்டை அகலத்தைத் திருத்தலாம். நம் நாட்டில் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் தேபதோஷ் குஹா குழு 2005-லிருந்து தரைத்தகட்டில் வடிவங்களை வெட்டுவதைப் பற்றித் தொடர்ந்து எழுதியது. அவர்களுடைய முதல் நோக்கம் அகலம் இல்லை. தவறான முனைவாக்கத்தில் கசியும் அலையை அடக்குவது. ஆனால் தரை என்பது சும்மா கிடக்கும் தகடு இல்லை, வடிவமைக்கவேண்டிய உறுப்பு என்ற எண்ணம் இந்திய ஆய்வுக்கூடங்களில் வேரூன்றியதில் அவர்களுக்குப் பங்குண்டு. மும்பை ஐஐடியின் கிரீஷ் குமாரும் கே. பி. ரேயும் 2003-ல் எழுதிய அகலப்பட்டை மைக்ரோஸ்டிரிப் ஆன்டெனாக்கள் பற்றிய நூலும் இந்த வரிசையில் வைக்கவேண்டியது.

பழைய கேள்வி, புதிய பலகை

2002-ல் அமெரிக்காவின் எஃப்சிசி 3.1 முதல் 10.6 கிகாஹெர்ட்ஸ் வரை மிக அகலப் பட்டையைத் திறந்துவிட்டது. அதன் பிறகு கல்லூரி கல்லூரியாக ஒரே வேலைதான். சிறு பலகையில் ஒரு வட்டமோ சதுரமோ அச்சடி, பின்பக்கத் தரைத்தகட்டைப் பாதியில் நிறுத்து, மூலையைச் சாய்த்து வெட்டு, நடுவில் ஒரு பல் எடு, அகலம் கூடிவிட்டது என்று எழுது. உண்மையாகவே கூடுகிறது. தரையைக் குறுக்கும்போது அதன் விளிம்பும் ஆன்டெனாவின் பகுதியாகிவிடுகிறது. பக்கத்துப் பக்கத்தில் பல ஒத்ததிர்வுகள் எழுந்து ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன.

நாம் கையில் வைத்திருந்த கேள்வியை இங்கே கேட்கணும். இந்த அகலம் தரை கொடுத்ததா, விழுங்கியதா? பெரும்பாலும் இந்தப் பலகைகள் எஃப்ஆர்4 என்ற மலிவான கண்ணாடி இழைப் பலகை. அதிர்வெண் ஏற ஏற அது ஆற்றலைச் சூடாக்கித் தின்னும். அளக்கிற கருவியில் பார்ப்பது திரும்பி வரும் அலையை மட்டும்தான். திரும்பி வரவில்லை என்றால் வெளியே போயிற்று என்று அர்த்தமா? பலகைக்குள் செத்தும் போயிருக்கலாம். 50 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை மாட்டுங்கள். அதிலிருந்து எந்த அலையும் திரும்பி வராது, பட்டை அகலத்துக்கு எல்லையே இல்லை, ஒரு ஊருக்கும் கேட்காது. கோபுரத்தடியில் காய்ந்த மண் செய்த வேலையைத்தான் இங்கே பலகை செய்கிறது. அகலத்தைச் சொல்கிற கட்டுரை செயல்திறனையும் பக்கத்தில் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் நான் அந்த எண்ணை எடுத்துக்கொள்வதில்லை.

இது ஆய்வுக்கூடச் சண்டை மட்டும் இல்லை. டெல்டாவுக்கு நேரடியாக வேலை இருக்கிறது. வயலில் நீர் மட்டமும் மண் ஈரமும் அளந்து அனுப்பும் சிறு கருவிகள் இப்போது வரத் தொடங்கியிருக்கின்றன. நம் நாட்டில் உரிமம் தேவையில்லாத பட்டையாக 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் திறக்கப்பட்டதில் பல இப்படிப்பட்ட கருவிகள் பேசுகின்றன. 2 மெகாஹெர்ட்ஸ் என்பது கால் சதவீதம்கூட இல்லை. இதற்கு எதற்கு அகலம் என்று தோன்றும்.

காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நம் ஊரில் சொல்வது தெரியும்தானே. இன்று வயலில் தண்ணீர் நிற்கும், நாலு நாளில் வெடிப்பு விடும். நடவின்போது வெட்டவெளி, கதிர் வரும்போது கருவியைச் சுற்றி ஈரமான தாள். தண்ணீரும் பயிரும் நெருங்க நெருங்க ஆன்டெனாவின் ஒத்ததிர்வு கீழே நழுவும். ஊசிமுனை போன்ற பட்டை உள்ள ஆன்டெனா மேசையில் அருமையாக வேலை செய்யும், தை மாத வயலில் ஊமையாகிவிடும். அங்கே அகலம் என்பது ஆடம்பரம் இல்லை, பருவத்துக்கு ஈடுகொடுக்கும் நெகிழ்வு. தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று சொல்வதற்காக வைத்த கருவி, தண்ணீர் வந்ததும் பேச்சு நின்றுபோனால் என்ன பயன்?

அந்த நெகிழ்வைக் கொடுப்பதும் தரைத்தகடுதான். கடையில் கிடைக்கும் அரிசிமணி அளவுச் சிப் ஆன்டெனாவை வாங்கி, கருவி அழகாக இருக்கணும் என்று பலகையைத் தீப்பெட்டி அளவுக்கு வெட்டிவிட்டால், குடத்தை வெட்டிவிட்டு வீணை வாசிப்பதுபோலத்தான். அந்தச் சிப்பின் குறிப்பேட்டைப் பாருங்கள். எவ்வளவு நீளத் தரைத்தகட்டில் வைத்து அளந்தார்கள் என்று அதிலேயே இருக்கும். அந்த அளவு தரை கொடுக்காமல் அந்த அகலத்தை எதிர்பார்க்கமுடியாது.

இடம் இருந்தால் இன்னும் எளிய வழி இருக்கிறது, 1938-ல் வந்த வழி. 866 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் 8.6 சென்டிமீட்டர். மேலே அந்த நீளத்தில் ஒரு கம்பி, அடியில் அதே நீளத்தில் நான்கு கம்பி சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்து, ஒரு மூங்கில் முனையில் பயிருக்கு மேலே கட்டிவிட்டால், தனக்கென்று ஒரு பூமி உள்ள ஆன்டெனா தயார். வயல் காய்ந்தாலும் நிறைந்தாலும் அதற்கு அதிகக் கவலை இல்லை. செலவு சில ரூபாய்க் கம்பி. பிரவுன் சொன்னபடி இரண்டு கம்பியே போதும். ஆனால் பார்க்கிறவர்கள் நம்பவேண்டும் என்றால் நான்காகவே போட்டுவிடுங்கள்.